அவர் காரை நகர்த்தப் போயிருந்தபோது

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியின் காரில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டுகிறவர் காலடியில். இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் வாத்தியார் மிதித்து நிறுத்திக்கொள்ளலாம். நம் ஆள் இந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கும் மேலாக இயேசுவைப் பற்றிப் பேசிவந்தார். கற்றுக்கொண்டவர்கள் அவருக்கு பிரேக் பிரசங்கி என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கேலி என்று மட்டும் எட்டவில்லை.

யோசித்துப் பார்த்தால் பிரசங்கம் செய்ய அதைவிடத் தோதான இடம் கிடையாது. கேட்கிறவர் சீட் பெல்ட் போட்டிருக்கிறார். கை இரண்டும் ஸ்டியரிங்கில், கண் ரோட்டில். எழுந்து போக முடியாது. எதிர்த்துப் பேசலாமென்றால், தேர்வுக்கு எப்போது அனுப்புவது என்று முடிவுசெய்கிறவரே அவர்தான். ஆகவே "ஆண்டவரை ஏத்துக்கறீங்களா?" என்று அவர் கேட்டால் எல்லாரும் தவறாமல் "சரி சார்" என்றார்கள். "இண்டிகேட்டரப் போடுங்க" என்றாலும் அதே "சரி சார்"தான். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் இருக்கலாம் என்று மனுஷனுக்குத் தோன்றியதே இல்லை. ஏற்றுக்கொண்டவர்களில் ஒருத்தர்கூட சபைப் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை. லைசென்ஸ் வாங்கின பிறகு அவரைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகிறவர்களும் இருந்தார்கள். இருபுறமும் பார்த்துவிட்டுத்தான் கடக்கிறார்கள், நாம் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை என்று அவர் திருப்திப்பட்டுக்கொள்வார்.

ஆனால் ஆள் தங்கம், அதையும் சொல்லவேண்டும். யாரிடமும் எரிந்து விழமாட்டார். கை நடுங்குகிறவர்கள், வலது இடது குழம்புகிறவர்கள், மற்ற பள்ளிக்காரர்கள் கும்பிடு போட்டு அனுப்பிவைத்தவர்கள் எல்லாரும் கடைசியில் அவரிடம்தான் வந்து சேர்ந்தார்கள். மேட்டில் ஒரே இடத்தில் பத்துமுறை வண்டி அணைந்து போனாலும், "பரவால்ல, இன்னொரு தடவ" என்பார். அந்தப் பொறுமையில் கால்வாசியை வீட்டில் காட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவரிடம் ஒரு சாட்சி இருந்தது. சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்வதற்குச் சாட்சி என்று பேர். அவருடைய சாட்சி மனைவியின் மரணம். நோயில் கிடந்த அந்த அம்மாள் கடைசி மூச்சுவரை பாடிக்கொண்டே போனார் என்பதுதான் அது. மூன்றாவது கியர் போட்டு நேர் ரோட்டுக்கு வந்ததும் அதை ஆரம்பிப்பார். சிக்னல் விழுவதற்குள் முடித்துவிடுவார். பல பேர் கண் கலங்கியிருக்கிறார்கள். ஒருத்தர் கலங்கிய கண்ணோடு குப்பைத் தொட்டியில் இடித்தும் இருக்கிறார்.

இந்தச் சாட்சி ஒரே நாளில் இப்படி ஆகவில்லை. அடக்கத்தன்று யாரோ கேட்டதற்கு, "அமைதியாப் போயிட்டா" என்று மட்டும்தான் சொன்னார். அடுத்த ஞாயிறு பாஸ்டர் பேச அழைத்தபோது அமைதி ஜெபமாயிற்று. முதல் வருஷ நினைவுக் கூட்டத்தில் ஜெபம் பாட்டாயிற்று. மூன்றாம் வருஷத்தில் பாட்டுக்கு இரண்டு சரணம் இருந்தது. பொய் சொல்கிறோம் என்று அவர் நினைக்கவில்லை. ஆண்டவருக்கு மகிமையாக இருக்கட்டும் என்றுதான் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிட்டார்.

அந்த மூன்றாம் வருஷக் கூட்டத்தில்தான் வினை வந்தது. அவருக்கு ஒரே மகள். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கிற கூடத்தில் வேலை. கல்லூரி நாளிலேயே கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்டாள். ஆனாலும் அம்மாவுக்காக வந்து, நாற்காலி எடுத்துப்போட்டு, எல்லாருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். இவர் இரண்டு சரணத்தையும் முடித்தார். பிறகு கண்ணை மூடி, கையை உயர்த்தி, "ஆண்டவரே, இந்த வீட்டுல வழிதவறி நிக்கற என் மகளையும் ஒருநாள், ஒரே ஒருநாளாவது, முழங்கால் போட வையும்" என்று ஊரே கேட்க ஜெபித்தார். கண்ணைத் திறந்தபோது காப்பித் தட்டு மேசைமேல் இருந்தது, மகள் இல்லை.

அப்புறம் அவள் இவர் வீட்டுப் படி ஏறவில்லை. வருஷம் ஒன்று ஓடிவிட்டது. வாரம் ஒருமுறை போன் மட்டும் வரும். "சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" போட்டேன் என்பார். உடனே, "இன்னைக்கு ஒரு வசனம் படிச்சேன்மா" என்று தொடங்குவார். இணைப்பு அறுந்துவிடும். டவர் கோளாறு என்று அவர் இரண்டு முறை போன் கம்பெனியை மாற்றினார். மூன்றாவது கம்பெனியிலும் அதே இடத்தில் அறுந்தபோதுதான் உறைத்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் இருக்கிற இரண்டு தட்டில் ஒன்றைத்தான் தினமும் கழுவுகிறோம் என்பது அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. மகள் திரும்ப வரவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அதற்கு அவள் முதலில் விசுவாசியாகவேண்டும் என்று அவராகவே ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

சரியான சமயத்தில் சபையில் ஒரு வகுப்பு வைத்தார்கள். கடவுள் இல்லை என்கிறவர்களோடு பேசுவது எப்படி என்று வெளியூரிலிருந்து ஒருத்தர் வந்து பாடம் எடுத்தார். இவர் முன் வரிசையில் உட்கார்ந்து அவர் சொன்ன மூன்று விதிகளையும் மனப்பாடம் செய்துகொண்டார். முதலாவது, அவர்கள் கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும். இரண்டாவது, உலகத்தை உண்டாக்கியது யார் என்று கேட்கவேண்டும். மூன்றாவது, சொந்தச் சாட்சியைச் சொல்லவேண்டும். "வாதத்தை மறுக்கலாம் பிரதர், சாட்சிய மறுக்க உலகத்துல ஆள் கிடையாது" என்று அந்த வெளியூர்க்காரர் அடித்துச் சொன்னார்.

மகளிடம் நேராகப் போய் இதை இறக்கப் பயம். முதலில் யாரிடமாவது ஒத்திகை பார்க்கலாம் என்று நினைத்தார். அந்த வாரமே ஒரு மேடம் கார் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரிக்கிற வேலை. எங்கே கார் நசுங்கினாலும் போய்ப் பார்த்து, எல்லாரையும் கேட்டு, யார் சொல்வது நிஜம் என்று அறிக்கை கொடுக்கவேண்டும். நசுங்கிய கார்களைப் பார்த்துப் பார்த்தே இத்தனை நாள் ஓட்டக் கற்காமல் இருந்தாராம். இப்போது கம்பெனி கட்டாயம் என்று சொல்லிவிட்டது.

முதல் பாடத்திலேயே நம் ஆள் கேட்டார். "மேடம், கடவுள நம்பறீங்களா?"

"இல்ல சார். மூணாவது கியர் போடலாமா?"

கார் நின்றுவிட்டது. பின்னால் ஒருத்தன் ஹாரனை அழுத்தினான்.

"நான் பிரேக்கத் தொடலையே சார்" என்றார் மேடம்.

"இல்ல, நான்தான். தெரியாம."

இருபது வருஷத்தில் அந்தப் பதிலைக் காரில் அவர் கேட்டதே இல்லை. கால் பயந்துவிட்டது.

அடுத்த பாடத்துக்குத் தயாராக வந்தார். முதல் விதி, கண்ணைப் பார்க்கவேண்டும். அவர் மேடத்தின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து கண்ணையே பார்த்தார். மேடம் ரோட்டைப் பார்த்தார். "என்ன சார், தப்பா ஓட்டறேனா?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "என்னைப் பாருங்க மேடம்" என்று சொல்ல வாயெடுத்தவர், தான் வாத்தியார் என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். சரி, இரண்டாவது விதி.

"இந்தக் கார் தானா வந்துச்சா மேடம்? யாரோ செஞ்சிருக்காங்கல்ல? அப்ப இவ்வளவு பெரிய உலகத்தையும் ஒருத்தர் செஞ்சிருக்கணும்ல?"

"இந்தக் காரச் செஞ்சவங்கள எனக்குத் தெரியும் சார். அவங்க ஃபேக்டரிக்குப் போயிருக்கேன். தப்பு நடந்தா ஒத்துக்கிட்டு வண்டியத் திரும்ப வாங்கிக்கறாங்க. உலகத்தச் செஞ்சவர்கிட்ட அப்படி ஏதாவது வசதி இருக்கா?"

கார் நின்றது. ஹாரன். இந்தமுறை மேடம் எதுவும் கேட்கவில்லை. பதில் தெரியாதபோதெல்லாம் இந்த மனுஷன் கால் பிரேக்குக்குப் போகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கு மொத்தம் ஆறு இடத்தில் நின்றார்கள். இப்படியே போனால் தனக்கு லைசென்ஸ் வருவதற்குள் ஓய்வு வந்துவிடும் என்றார் மேடம்.

மூன்றாவது பாடத்தில் அவர் மறுக்க ஆளே இல்லாத அந்தச் சாட்சியை எடுத்தார். ரவுண்டானாவை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். வழக்கத்தைவிட உருக்கமாகவே சொன்னார். மேடம் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம் கியரை மாற்றிக்கொண்டே, வேலையில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"மன்னிச்சுக்குங்க சார், தொழில் புத்தி. அவங்க பாடினத நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

"அதாவது..."

"நீங்க ரூம்ல இருந்தீங்களா?"

இந்த நாலு வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. பாஸ்டர் கேட்டதில்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சமாளித்திருப்பார். ஆனால் விபத்து விசாரிக்கிறவர்கள் கேட்கிற விதமே வேறு. குற்றம் சாட்டுவதில்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். அதற்குப் பொய் சொல்ல வரவில்லை.

"இல்ல" என்றார். "நான் கீழ போயிருந்தேன். ஆஸ்பத்திரில ஆம்புலன்ஸ் வர்ற வழில என் கார் நிக்குதுன்னு மைக்குல கூப்பிட்டாங்க. டிரைவிங் ஸ்கூல் போர்டு வேற மேல இருக்கு. மானம் போகுதேன்னு நகத்தப் போனேன். இடம் கிடைக்கல. சுத்திச் சுத்தி வந்து போட்டுட்டு மேல வந்தா முடிஞ்சிருந்துச்சு."

"ரூம்ல யார் இருந்தாங்க?"

"என் மக."

"அவங்க என்ன சொல்றாங்க?"

கார் ரவுண்டானாவின் நட்டநடுவில் நின்றது. நாலு பக்கமும் ஹாரன் அடித்தது. ஒரு பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, போர்டைப் படித்துப் பார்த்துவிட்டு, கற்றுக்கொடுக்கிறவனைப் பார்த்துச் சில வார்த்தைகள் சொன்னார். நம் ஆள் காதில் எதுவும் விழவில்லை.

"கேட்டதில்ல" என்றார்.

மேடத்துக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "நான் நம்பாதவ சார். எனக்கு எதுவும் சொல்ல உரிமை இல்ல. ஆனா உங்க கடவுள் நீங்க சொல்ற அளவுக்குப் பெரியவர்னா, அவருக்காக நீங்க பாக்காததப் பாத்ததாச் சொல்லணுமா?" என்றார். பிறகு, "காலை எடுங்க சார், பஸ்காரர் இறங்கி வர்றாரு" என்றார்.

அன்று வீட்டுக்குப் போய் அவர் ஜெபம் பண்ண உட்கார்ந்தார். வழக்கமாக மகளைப் பற்றி ஆண்டவருக்கு நிறையத் தகவல் கொடுப்பார். அன்றைக்கு எதுவும் வரவில்லை. நாலு வருஷமாக ஒரே அறையில் நடந்ததைப் பற்றி ஊரெல்லாம் பேசியிருக்கிறோம், அந்த அறையில் இருந்த ஒரே ஆளிடம் ஒருவார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்காமல் விட்டதற்குக் காரணமும் அவருக்குத் தெரியும். கேட்டால் பாட்டு போய்விடும். வெட்கமாக இருந்தது. வகுப்பில் சொல்லிக்கொடுத்த மூன்றையும் நினைத்துப் பார்த்தார். மூன்றிலும் தான்தான் பேசவேண்டியிருந்தது.

மறுநாள் மதியம் பாடம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் மகளின் வேலையிடத்துக்குப் போனார். காரை இடம் பார்த்து ஒழுங்காக நிறுத்திவிட்டு மாடி ஏறினார். நீளமான அறை. சுவரெல்லாம் அலமாரி, அலமாரியெல்லாம் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றின்மேலும் சீட்டு ஒட்டியிருந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மகள் ஜன்னலோர மேசையில் முகமூடி போட்டுக்கொண்டு, சின்ன மோட்டாரில் ஒரு கடைவாய்ப்பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏப்ரன் முழுக்க வெள்ளைத் தூள். ஆள் இளைத்திருந்தாள். காதோரம் ஒரு நரை. அது அவருக்குத் தெரியாத நரை.

அவரைப் பார்த்தும் அவள் கை நிற்கவில்லை. "உக்காருங்க. அதத் தொடாதீங்க, ஈரம். சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"மாத்திரை?"

"போட்டேன்மா."

"வசனமா, இல்ல புதுசா ஏதாவது வகுப்பா?"

வகுப்பு விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் விசாரிக்கப் போகவில்லை. "ஒண்ணு கேக்கணும்" என்றார். "அம்மா போறப்ப நான் இல்ல. நீதான் இருந்தே. என்ன நடந்துச்சு?"

மோட்டார் நின்றது. அவள் முகமூடியைக் கீழே இறக்கினாள். அவரைப் பார்த்தாள். வேறு ஏதாவது பின்னால் வரும் என்று எதிர்பார்க்கிறவள்போல் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதுவும் வரவில்லை.

"நாலு வருஷம் ஆச்சுப்பா."

"ஆமா. அன்னைக்கே கேட்டிருக்கணும்."

"பாட்டெல்லாம் இல்ல."

"தெரியும்."

"மூச்சே இல்ல, எங்க பாடறது." அவள் கையிலிருந்த பல்லை அதற்குரிய தாடையில் பொருத்தி வைத்தாள். சரியாக உட்கார்ந்ததா என்று தடவிப் பார்த்தாள். "அப்பா எங்கன்னு கேட்டாங்க. வழில நிக்குதுன்னு கார நகத்தப் போயிருக்காருன்னு சொன்னேன். 'அவரு தப்பான இடத்துல போடமாட்டாரே'ன்னாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்புறம் பயமா இருக்குன்னாங்க. என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. ஜெபம் பண்ணுன்னாங்க."

"உன்கிட்டயா?"

"வேற யார் இருந்தா? எனக்கு நம்பிக்கை இல்லன்னு அம்மாவுக்குத் தெரியும்பா. உங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவங்ககிட்டதான் சொன்னேன். தெரிஞ்சுதான் கேட்டாங்க."

"பண்ணினியா?"

"பண்ணினேன். கட்டில் தாழ்வா இருந்துச்சு, அவங்க வாய்கிட்டக் காது வைக்கணும்னா முழங்கால் போட்டாத்தான் முடிஞ்சுது."

அவருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. காப்பித் தட்டோடு நின்ற பெண்ணை நடுக்கூடத்தில் வைத்து, ஒருநாளாவது முழங்கால் போடவையும் என்று அத்தனை பேர் முன்னால் உருகி உருகிக் கேட்டிருக்கிறார். அவள் எதையும் சொல்லாமல் தட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன ஆகியிருக்கும்? அடுத்த ஞாயித்துக்கிழமை அதையும் சாட்சியாச் சொல்லியிருப்பீங்க."

அதற்கு அவரிடம் பதில் இல்லை. காலடியில் பிரேக்கும் இல்லை. உட்கார்ந்து கேட்டார்.

"எனக்கு ஜெபம்னா தெரிஞ்சது அது ஒண்ணுதான்" என்றாள் மகள். "படுக்கப் போறப்ப அம்மா சொல்வாங்களே. அதச் சொன்னேன்."

அது அவருக்கும் தெரியும். கதவைப் பூட்டியாச்சு, அடுப்பை அணைச்சாச்சு, குழாயை மூடியாச்சு, எல்லாரும் வந்து சேர்ந்தாச்சு, இனி உம்ம பொறுப்பு ஆண்டவரே. அவர் மனைவி தானாகவே கட்டிக்கொண்ட ஜெபம். கல்யாணமான புதிதில், ஆண்டவர் என்ன வாட்ச்மேனா, அடுப்பையும் குழாயையும் அவரிடம் ஒப்பிப்பதா என்று இவர் ஒருநாள் கண்டித்தார். அதன்பிறகு அந்த அம்மாள் அதை இவர் காதில் விழாமல் சொல்லிக்கொண்டார். மகள் பிறந்ததும் அவள் காதில் சொன்னார்.

"கதவு சொன்னேன், அடுப்பு சொன்னேன், குழாய் சொன்னேன். எல்லாரும் வந்து சேந்தாச்சுங்கற இடத்துல நின்னுட்டேன். நீங்க வரலையே. கீழ சுத்திக்கிட்டிருக்கீங்க. அந்த நேரத்துல போய் அம்மாகிட்டப் பொய் சொல்லணுமான்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"அம்மா கண்ணத் தொறந்தாங்க. 'வந்துடுவாரு, சொல்லு'ன்னாங்க. அதான் கடைசியாப் பேசினது."

ஜன்னலுக்குக் கீழே தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. சாப்பிடப் போனவர்களின் பேச்சுக்குரல் படிக்கட்டில் கேட்டது. வந்து, எட்டிப் பார்த்து, திரும்பி இறங்கிப் போனார்கள்.

"சொன்னியா?"

"சொன்னேன். கடைசிவரைக்கும் சொன்னேன். ஆமென் மட்டும் சொல்லல. மத்ததெல்லாம் அம்மாவோடது, அவங்களுக்காகச் சொல்லலாம். ஆமென் என்னோடதா இருக்கணும்ல? எனக்கு அது இல்லப்பா. இன்னைக்கும் இல்ல. அதுக்கப்புறம்தான் நீங்க வந்தீங்க, கையில சாவியோட."

அவர் வசனம் சொல்லவில்லை, ஆண்டவர் உன்னை எப்படிப் பயன்படுத்தினார் பார் என்று சொல்லவில்லை. அது நாக்கு நுனிவரை வந்தது, உண்மையிலேயே வந்தது. விழுங்கிவிட்டார். இந்தப் பெண் தன்னைவிட உண்மையானவள் என்று நினைத்தார். அதில் அவருக்கு வலியும் இருந்தது, பெருமையும் இருந்தது.

மகள் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். "அந்த ஜெபம் அப்படியே பாதில நிக்குதுப்பா" என்றாள். "உங்களுக்கு இருக்குல்ல. நீங்க வேணா சொல்லிடுங்க."

ஊரில் உள்ள ஒவ்வொரு ரோட்டிலும் மணிக்கணக்கில் பேசின மனுஷன். ஒரே ஒரு சொல், அதைச் சொல்ல வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. மகள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மெதுவா சொல்லுங்க" என்றாள். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."